ரெட் போட்டால் போதுமா, ஃபாலோ?

ராயபுரத்தில் எங்கள் தெரு கேரம் கிளப்பில் நேற்று ராத்திரி, ஐஎஸ் (இஸ்லாமிக் ஸ்டேட்) தீவிரவாத அமைப்பை எப்படி அடித்திருக்க வேண்டும் என்று பெரிய வாக்குவாதம். "மேலேர்ந்து குண்டு போட்டா ரெண்டே நாள்ல முடிஞ்சிருக்கும்ணே" என்றான் போர்டில் பவுடர் தூவிக்கொண்டிருந்த தம்பி. ரெட்டைப் போட்டுவிட்டு, அடுத்தே போட வேண்டிய ஃபாலோ காயை மறக்கிறவன் வேறு எப்படிப் பேசுவான்!

இராக்கின் மொசூல் நகரம் 2014 ஜூனில் ஐஎஸ் கைக்குப் போனது. திரும்பப் பிடிக்க 2016 அக்டோபரில் இறங்கிய இராக் படைக்கு, தலைக்கு மேல் அமெரிக்க விமானங்கள் பறந்தும், ஒன்பது மாதம் ஆனது. டைக்ரிஸ் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் பழைய நகரம் நம்ம வண்ணாரப்பேட்டை சந்து மாதிரிதான், குட்டியானை லோடு வண்டியே திரும்பாத இடத்தில் கவச வண்டி எங்கே போகும், அதுவும் வீட்டுக்கு வீடு சுவரில் ஓட்டை போட்டு எதிரி உள்ளுக்குள்ளேயே நகரும்போது? ஜனங்களும் அதே வீடுகளில்தான் மாட்டியிருந்தார்கள். 2017 மார்ச்சில் மாடியில் இருந்த இரண்டு ஸ்னைப்பர்களை, அதாவது மறைந்திருந்து சுடுகிறவர்களைக் குறிவைத்துப் போட்ட குண்டில் கட்டடமே சரிந்து, பொதுமக்கள் நூறு பேருக்கு மேல் இறந்ததை அமெரிக்காவே ஒப்புக்கொண்டது.

இதைச் சொன்னதும் தம்பி ஸ்ட்ரைக்கரைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான். அப்புறம், "சரிண்ணே, சுத்தி வளைச்சு சோறு தண்ணிய நிறுத்திட்டா?" என்றான். முதலில் பட்டினி கிடப்பது யாருடா?