ஆடியில் அசையாத இறக்கை

வாளையார் தாண்டி கஞ்சிக்கோட்டில் டீக்கடை. எதிரே காற்றாலையின் மூன்று இறக்கைகளும் அப்படியே நிற்கின்றன, அதுவும் ஆடி மாசத்தில்.

கடைக்கார அக்கா தார்ப்பாய் பறக்காமலிருக்கக் கட்டித் தொங்கவிடும் செங்கல்லை அவிழ்த்து ஓரமாக வைத்திருந்தார். கயிறு தடம் மட்டும் கல்லில் பள்ளமாக.

பாலக்காட்டுக் கணவாய்க்குள் நெருக்கிப் புகுந்து வேகமெடுக்கும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பித்தான் பொள்ளாச்சி, உடுமலை வரை இத்தனை காற்றாலைகள்.

காற்றின் வேகம் 10 சதவீதம் குறைந்தால் அதிலுள்ள சக்தி 27 சதவீதம் குறையும். வேகத்தை அதே வேகத்தால் இன்னும் இருமுறை பெருக்கும் மும்மடிக் கணக்கு அது (0.9 × 0.9 × 0.9 = 0.729). ஒருநாள் ஓய்ந்தால் சரி, ஆனால் பழைய காற்றளவை வைத்து 20, 25 வருஷத்துக்கு நட்டதாயிற்றே, இதற்கிடையில் காற்றே மெல்லத் தடம் மாறினால் என்ன செய்வோம்? பயமாகத்தான் இருக்கிறது.

“சாயங்காலம் வந்துரும் தம்பி” என்றார் அக்கா. செங்கல்லைத் தூக்கிப் போடவில்லை.