சோழர் அரசவைச் சூழ்ச்சியை நாவலாக்க: ஓலை போகும் வழி

சோழர் காலத்து அரசவைச் சூழ்ச்சியை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் சுரங்கப் பாதையிலும் மாறுவேடத்திலும் தொடங்குகிறார்கள். அந்த அரசில் அதிகாரம் நடமாடியது ஓலையில்தான். யார் சொன்னார், யார் எழுதினார், யார் ஒப்பிட்டுப் பார்த்தார், யார் கணக்கில் ஏற்றினார் என்ற வரிசை தெரிந்தால் சதி எங்கே நுழையும் என்பதும் தெரிந்துவிடும்.

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், அவன் தம்பி பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராயன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. பிரமாதிராயன் என்பது உயர்ந்த பதவியில் இருந்த பிராமண அதிகாரிகளுக்கு அரசு கொடுத்த பட்டம். எனவே கொலையாளிகளை வெளியூர் ஒற்றர்களாக மட்டும் காட்டினால் பாதி உண்மை போய்விடும். அவர்கள் உள்ளே இருந்தவர்கள்.

அந்தக் கல்வெட்டு கொலை நடந்த விதத்தைச் சொல்லவில்லை, ஏவியவர் யார் என்பதையும் சொல்லவில்லை. அதன் அக்கறை முழுவதும் சொத்தின் மேல். துரோகிகள், அவர்களுடைய உடன்பிறந்தார், மக்கள், தாய்மாமன்மார், பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் என்று உறவு உறவாகச் சொல்லி, அவர்கள் உடைமையை விற்கும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற பிராமண ஊரின் சபைக்கு ஆணை போகிறது. மேற்பார்க்க இருவரைப் பெயர் குறித்து நியமிக்கிறார்கள். நாவலுக்கு இது பெரிய கொடை. குற்றத்தில் கை வைக்காத ஒரு மருமகன், சபையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்மாமன், மலிவாக நிலம் வாங்கக் காத்திருக்கும் ஒருவர் என்று பாத்திரங்கள் அங்கேயே கிடைக்கிறார்கள்.

இனி ஓலையின் வழி. அரசன் வாயால் சொல்வது திருவாய்க்கேள்வி. அதை எழுதும் அதிகாரிக்குப் பெயர் திருமந்திர ஓலை. அவர்களுக்கு மேல் திருமந்திர ஓலை நாயகம், எழுதியது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறவர். பிறகு அரசனுக்கு உடனிருக்கும் உடன்கூட்டத்து அதிகாரிகள். அடுத்தது நிலவரிக் கணக்கை வைத்திருக்கும் புரவுவரித் திணைக்களம். அங்கே வரிப்பொத்தகம், முகவெட்டி என்ற பதவிகளில் இருப்பவர்கள் கணக்கில் ஏற்றினால்தான் ஆணைக்கு உயிர். திருமுகம் என்ற அந்த அரச ஓலை, ஊர்கள் சேர்ந்த நாட்டின் பெரியவர்களான நாட்டார் கைக்குப் போகும்போது அவர்கள் எதிர்கொண்டு தொழுது வாங்கித் தலைமேல் வைக்கிறார்கள். பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, கொடையைப் பதியும் அறவோலை எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். செப்பேடு இதற்கெல்லாம் பிறகுதான்.

நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த ஆணை இதற்கு நல்ல சான்று. இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 92ஆம் நாள், தஞ்சைப் புறம்படி மாளிகையில் ஒரு மண்டபத்தில் இருந்தபடி அதைச் சொன்னான். செப்பேட்டில் நிலைபெறச் செய்தது மகன் இராஜேந்திரன். சொல்லுக்கும் செம்புக்கும் இடையில் ஓர் ஆட்சியே மாறக்கூடும் என்றால், கதாசிரியருக்கு இதைவிட நல்ல காலவெளி எங்கே கிடைக்கும்?

போலி ஓலை எழுதும் காட்சியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. எழுத்தாணியால் கீறிய எழுத்தை அழித்துத் திருத்த முடியாது. முழு ஏட்டையும் புதிதாக எழுதிச் சுவடிக் கட்டுக்குள் செருக வேண்டும். துளை பழைய ஏடுகளின் துளையோடு நேராக வர வேண்டும், அகலம் ஒத்திருக்க வேண்டும். பழைய ஏடு பழுப்பேறியிருக்கும். புதியது வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். கீறிய கோட்டில் கரி தேய்த்தால்தான் எழுத்து தெரியும், அந்தக் கருமையும் புதிதாகவே இருக்கும். நிலம் பற்றிய ஓலையானால் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை நான்கையும் மாற்ற வேண்டும். அங்கேதான் போலிக்காரன் மாட்டுவான். அரண்மனையை ஏமாற்றிவிடலாம், யானை நடந்ததைக் கண்ணால் பார்த்த ஊராரை ஏமாற்றுவது கடினம்.

எளிய வழியும் ஒன்று உண்டு. ஏட்டில் பொதுவாகப் புள்ளி வைப்பதில்லை. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒரே வடிவம். கொடி, கோடி இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ஓலையைத் தொடாமலே, சபையில் வாசிக்கிறவன் வாயால் பொருளை மாற்றலாம். இதைக் கதையில் கொண்டுவந்தால், வாசிப்பவனை விலைக்கு வாங்குவது வாள்வீரனை வாங்குவதைவிடப் பயன் தரும்.

தூரத்தைக் கணக்கில் எடுங்கள். தஞ்சைக்கும் காஞ்சிக்கும் நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 235 கி.மீ. நாளுக்கு 30 கி.மீ. நடக்கும் தூதனுக்கு ஒரு வாரத்துக்கு மேல். நடுவில் கொள்ளிடம், வெள்ளாறு, பெண்ணை, பாலாறு. ஆடிப் பெருக்கிலோ ஐப்பசி மழையிலோ ஓடத்துக்காகக் காத்திருக்க வேண்டும். ‘மறுநாள் செய்தி வந்தது’ என்று எழுதிவிட்டால், முந்தைய நூறு பக்கத்தில் கட்டிய நம்பிக்கை சரியும். பாத்திரங்கள் பேசும் காலக்கணக்கும் ஆட்சியாண்டாகவே இருக்கட்டும், கி.பி. எண்கள் ஆசிரியரின் குறிப்பேட்டில் இருந்தால் போதும்.

கதை 985ஐ ஒட்டி நடந்தால் தஞ்சைப் பெரிய கோயில் கிடையாது. அதன் கலசம் ஏறியது 1010இல். இராஜராஜன் காலத்து நில அளவையும் 1001ஐ ஒட்டித்தான். விருந்தில் நஞ்சு கலக்கும் காட்சியில் மிளகாய், தக்காளி, முந்திரி, பப்பாளி வேண்டாம், காரத்துக்கு மிளகு. தர்பார், வக்கீல், சிப்பாய் ஆகியவை பின்னால் வந்த சொற்கள். பொன்னைக் கழஞ்சு என்ற எடையில் எண்ணுங்கள்: 1 கழஞ்சுக்கு 20 மஞ்சாடி, 1 மஞ்சாடிக்கு 2 குன்றி. நிலத்துக்கு வேலி, அதில் இருபதில் ஒன்று மா. லஞ்சம் கொடுக்கும் இடத்தில் ‘ஒரு பை பொற்காசு’ என்பதற்குப் பதில் எத்தனை கழஞ்சு, எத்தனை மா என்று எழுதினால், வாங்கியவன் எவ்வளவு துணிந்திருக்கிறான் என்று வாசகருக்கே விளங்கும்.