வலஞ்சுழியா, இடஞ்சுழியா: ஒரு வேதியியல்காரன் ஃபிளாஷ் மெமரிக்குள் போன கதை

ஃபிளாஷ் என்ற சொல் எனக்கு அறிமுகமானது ஒரு மீன் தொட்டி பம்ப் வழியாக. எம்.எஸ்சி. வேதியியல், கடைசி செமஸ்டர் பிராஜெக்ட். கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல் நிரப்பி, மேலே கலவையை ஊற்றி, நமக்கு வேண்டிய சேர்மம் சொட்டுச் சொட்டாகப் பிரிந்து இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மேலிருந்து கொஞ்சம் காற்றழுத்தம் கொடுத்தால் அரை நாள் வேலை அரை மணியில் முடிந்துவிடும். கிளார்க் ஸ்டில் என்ற வேதியியலாளர் 1978-இல் எழுதி வைத்த வழி இது. ஃபிளாஷ் காலம் (column) என்பார்கள். எங்களுக்கு நைட்ரஜன் சிலிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் மீன் தொட்டி பம்ப்.

எனவே தைவானில் ஒரு பேராசிரியர் 'ஃபிளாஷ் ஆராய்ச்சிக்கு வேதியியல் மாணவர் தேவை' என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் இதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து விண்ணப்பித்துவிட்டேன். நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்புதான் அவருடைய கட்டுரைகளைத் திறந்தேன். பென் டிரைவிலும் போனிலும் இருக்கும் ஃபிளாஷ் மெமரி. எலக்ட்ரானிக்ஸ் எனக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "தெரிந்தவர்கள் என்னிடம் ஐந்து பேர் இருக்கிறார்கள். படலம் ஏன் கெட்டுப்போகிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை" என்றார். 2022 செப்டம்பரில் சின்ச்சு போய் இறங்கினேன்.

சின்ச்சுவை 'காற்று நகரம்' என்று அங்கேயே சொல்வார்கள். குளிர்காலத்தில் சைக்கிளில் எதிர்க்காற்றில் போனால் மிதிப்பதும் நிற்பதும் ஒன்றுதான். சிப் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன ஊர். அதைவிட என்னைக் கவர்ந்தது வேறு விஷயம். ஃபிளாஷ் மெமரியின் மூலமான மிதக்கும் கேட் (எலக்ட்ரானைச் சேமித்து வைக்கும் தனி அடுக்கு) என்ற யோசனையை 1967-இல் பெல் ஆய்வகத்தில் தந்த இருவரில் ஒருவரான சைமன் ஸீ, பல வருடம் பாடம் நடத்திய ஊர் இது. இன்னொருவர் டாவன் காங். இருவரும் சாப்பாட்டு இடைவேளையில் அடுக்கு கேக் சாப்பிடும்போது, நடுவில் ஒரு அடுக்கைச் சேர்த்தால் என்ன என்று தோன்றியதாக ஒரு கதை உண்டு. அந்தக் கேக்கை 1980-களில் நிஜமான ஃபிளாஷ் ஆக்கியவர் தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா. ஒரு பெரிய தொகுதியை ஒரே அடியில் அழிப்பது கேமரா ஃபிளாஷ் அடிப்பது போல இருக்கிறது என்று அவருடைய சகா ஒருவர் சொல்ல, அதுவே பெயராக நின்றுவிட்டது.

முதல் செமஸ்டரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குறைகடத்தி இயற்பியலில் வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் என்னுடையது. ஆற்றல் பட்டைப் படம் எனக்கு ஏதோ மலைத்தொடர் மாதிரிதான் தெரிந்தது. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலப் பயிற்சியில் மட்டும் நான் முதல் ஆள். அந்த அமிலம் பட்டால் தடவ வேண்டிய கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்காமலே போய் எடுத்து வந்தேன்.

என் வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ஃபிளாஷில் எலக்ட்ரானை ஒரு சிலிக்கான் பாத்திரத்தில் ஊற்றி வைப்பார்கள். பாத்திரத்தில் எங்கே ஒரு ஓட்டை விழுந்தாலும் மொத்தமும் ஒழுகிவிடும். புதிய முறையில் பாத்திரம் கிடையாது, பஞ்சுதான். மின்கடத்தாப் படலத்தில் இருக்கும் குறைகளிலேயே எலக்ட்ரான்கள் ஆங்காங்கே சிக்கிக்கொள்ளும். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை தப்பும். சாம்சங் 2013-இல் 24 அடுக்கு மாடி கட்டி விற்ற ஃபிளாஷ் இந்த வகைதான். இன்று மாடிகள் 200-ஐத் தாண்டிவிட்டன. வேதியியலில் குறை என்றால் தூக்கிப் போடுவோம். இங்கே குறைதான் சரக்கு. அதுவும் கண்ட குறை உதவாது, எலக்ட்ரானை ஆழமாகப் பிடித்து வைக்கிற குறையாக வேண்டும்.

என் பஞ்சு ஹாஃப்னியம் ஆக்சைடு. கீழே 4 நானோமீட்டர் சிலிக்கான் ஆக்சைடு, நடுவில் 7 நானோமீட்டர் ஹாஃப்னியம் ஆக்சைடு, மேலே 12 நானோமீட்டர் அலுமினியம் ஆக்சைடு, அதன்மேல் அலுமினியப் பொட்டுகள். நடு அடுக்கும் மேல் அடுக்கும் அணு அடுக்குப் படிவு முறையில் வரும்: உலோகச் சேர்மத்தின் ஆவியை ஒரு மூச்சு விடு, துடைத்தெடு, நீராவியை ஒரு மூச்சு விடு, துடைத்தெடு. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் வளரும். மேல் அடுக்குக்கு மட்டும் நூற்றுச் சொச்சம் சுற்று. ஹாஃப்னியம் சேர்மம் உடைந்தால் டைமெத்தில் அமீன் வரும். பம்ப் எண்ணெய் மாற்றும் நாளில் அறை முழுக்கக் கருவாட்டு வாசனை. தைவான் மாணவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்குப் பசிக்கும்.

2023 ஏப்ரல் வாக்கில் முதல் நல்ல வளைகோடு வந்தது. கேட்டில், அதாவது மேலே இருக்கும் அலுமினியப் பொட்டில், வோல்டேஜை மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்கு ஏற்றி, மறுபடி இறக்கி, மின்தேக்குத்திறனை அளப்போம். போகும் கோடும் வரும் கோடும் ஒன்றாக இருந்தால் நினைவு எதுவும் இல்லை. விலகி ஒரு வளையமாக வந்தால் எதையோ அது ஞாபகம் வைத்திருக்கிறது. எனக்கு அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வளையம் விழுந்தது. சின்னதுதான். அதைப் பெரிதாக்க வெப்பநிலையை மாற்றினேன், தடிமனை மாற்றினேன், நாற்பதுக்கு மேல் மாதிரிகள் செய்தேன். ஒரு உள்ளூர் மாநாட்டுக்குச் சுருக்கம்கூட அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் மாதக் குழுக் கூட்டத்தில் எட்டாவது ஸ்லைடில் பேராசிரியர் நிறுத்தினார். "வளையம் எந்தப் பக்கம் சுற்றுகிறது?"

"கடிகார திசையில், லாவ்ஷி." ஆசிரியரை அங்கே எல்லோரும் லாவ்ஷி என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்தார். பக்கத்தில் இருந்த சீனியர் தரையைப் பார்த்தார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். மேற்கே கொஞ்சம் தூரத்தில் திருவலஞ்சுழி, வெள்ளைப் பிள்ளையார் கோயில். காவிரி வலமாகச் சுழித்துப் போனதால் அந்தப் பெயர் என்பார்கள். சங்கும் வலம்புரி, சுற்றுவதும் வலம், வலமாகச் சுழிப்பது நல்லது என்றே வளர்ந்தவன் நான். சீனியர் வெளியே கூட்டிப்போய் வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டினார். கேட்டில் பிளஸ் கொடுத்தால் சிலிக்கானிலிருந்து எலக்ட்ரான் மேலேறி வந்து பஞ்சில் சிக்க வேண்டும். சிக்கினால் கோடு வலப்பக்கம் நகரும். எங்களுடையது பி-வகை சிலிக்கான். அதில் உண்மையான நினைவு என்றால் வளையம் இடஞ்சுழியாகத்தான் சுற்றும். என் வளையம் வலஞ்சுழி. அதாவது பிளஸ் கொடுத்தபோது கோடு இடப்பக்கம் போயிருக்கிறது. ஒன்று, எலக்ட்ரான் மேல் வழியாகக் கேட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். அல்லது ஏதோ நேர்மின் அயனி கீழே சிலிக்கான் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். ஐந்து மாதமாக நான் அளந்துகொண்டிருந்தது ஃபிளாஷ் மெமரியே இல்லை.

அன்று இரவு ஒன்பது மணிக்கு விடுதிச் சமையலறையில் நாகர்கோவில் அண்ணா ஒருவர் ரசம் வைத்துக்கொண்டிருந்தார். வேறு குழு, உலை வேலை. நடந்ததைச் சொன்னேன்.

"தம்பி, ஆக்சைடு போட்டதுக்கப்புறம் கழுவுறியா?"

"ஆமாண்ணா. அம்மோனியா, பெராக்சைடு, தண்ணி. 75 டிகிரி, பத்து நிமிஷம்."

"எதுல வச்சு?"

"பீக்கர்லதாண்ணா."

"எந்த பீக்கர்?"

"கண்ணாடி. போரோசிலிகேட்."

அண்ணா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "ரொம்ப நல்லது. சில்லைச் சோடியத்துல ஊறுகா போட்டுருக்க."

பீக்கர் என்றால் கண்ணாடி. ஐந்து வருடம் வேதியியல் ஆய்வகத்தில் இருந்தவனுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருந்ததில்லை. போரோசிலிகேட் கண்ணாடியில் ஏறத்தாழ 4 சதவீதம் சோடியம் ஆக்சைடு உண்டு என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். சூடான காரக் கரைசல் கண்ணாடியை அரிக்கும் என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு ரசம் தேவைப்பட்டது. தூய அறையில் எல்லோரும் குவார்ட்ஸ் அல்லது டெஃப்லான் பாத்திரம்தான் வைத்திருந்தார்கள். அதை வசதி உள்ளவர்களின் ஆடம்பரம் என்று நினைத்து, எங்கள் ஆய்வகத்திலேயே ஒரு மூலையில் என் பீக்கரோடு வேலையை முடித்துக்கொண்டிருந்தேன். உலோக அயனிகளைக் கழுவித் தள்ளுகிற இரண்டாவது ஹைட்ரோகுளோரிக் அமிலக் கழுவலையும் நேரம் மிச்சம் என்று விட்டிருந்தேன்.

எவ்வளவு சோடியம் போதும் என்று கணக்குப் போட்டபோது தூக்கம் போய்விட்டது. 10 நானோமீட்டர் ஆக்சைடில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 லட்சம் கோடி அயனிகள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனால் கோடு கிட்டத்தட்ட அரை வோல்ட் நகரும். 1 லட்சம் கோடி பெரிய எண்ணாகத் தெரியலாம்; அதே பரப்பில் சிலிக்கான் அணுக்கள் சுமார் 680 லட்சம் கோடி. கிட்டத்தட்ட எழுநூற்றுக்கு ஒன்று போதும்.

சந்தேகத்தை உறுதி செய்ய ஒரு பழைய சோதனை இருக்கிறது. மாதிரியை 200 டிகிரிக்குச் சூடாக்கி, எலக்ட்ரான் ஏற முடியாத அளவுக்குச் சின்ன பிளஸ் வோல்டேஜில் பத்து நிமிடம் வைத்து, வோல்டேஜை எடுக்காமலே ஆற வைத்து அளக்க வேண்டும். கோடு இடப்பக்கம் போனது. மைனஸ் கொடுத்து மறுபடி செய்தேன், வலப்பக்கம் வந்தது. நாய்க்குட்டி மாதிரி சொன்னபடி வந்தது சோடியம். அப்புறம் ஒரே சில்லை மூன்று துண்டாக்கி, ஒன்றைக் கண்ணாடியிலும், ஒன்றை டெஃப்லானிலும், மூன்றாவதைக் குவார்ட்ஸில் இரண்டு கழுவலோடும் செய்தேன். வலஞ்சுழி முதல் துண்டில் மட்டும்தான்.

இதில் வெட்கம் என்னவென்றால், இது 1965-லேயே தீர்ந்த கதை. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர்கள் நிலையில்லாமல் அலைந்ததற்குச் சோடியம்தான் காரணம் என்று ஃபேர்சைல்ட் என்ற சிப் நிறுவனத்தில் ஸ்னோ, குரோவ், டீல், ஸா என்ற நால்வர் அந்த வருடமே எழுதிவிட்டார்கள். அந்தக் குரோவ்தான் பின்னால் இன்டெல்லின் தலைவரான ஆன்டி குரோவ். நான் பாதி மட்டும் செய்த இரண்டு கழுவல் முறையையும் அதே 1965-இல்தான் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் வெர்னர் கெர்ன் உருவாக்கினார். மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். லாவ்ஷி திட்டவில்லை. "இனி நீ சொல்லும் வளையத்தை நம்பலாம்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை தெரியவில்லை.

டிசம்பரில் இடஞ்சுழியாக, நான்கு வோல்ட் அகலத்தில் வளையம் வந்தது. கட்டுரை எழுதி அனுப்பினோம். தாங்குதிறன் சோதனை என்று ஒன்று உண்டு: எலக்ட்ரானை ஏற்றிவிட்டு, 85 டிகிரியில் 10,000 விநாடி வைத்து, எவ்வளவு ஒழுகியது என்று பார்ப்பது. 10,000 விநாடி என்றால் 2 மணி 47 நிமிடம். அந்தப் புள்ளிகளை மடக்கை அளவில் வைத்து ஒரு நேர்கோடு இழுத்து, '10 வருடம் தாங்கும்' என்று எழுதுவோம். துறையில் எல்லோரும் செய்வதுதான். ஒரு மதிப்பீட்டாளர் மட்டும் ஒப்பவில்லை. 1 லட்சம் விநாடி அளந்து காட்டுங்கள் என்றார். மனதுக்குள் திட்டினேன். ஆனால் அவர் கேட்டது நியாயம்.

1 லட்சம் விநாடி, 27 மணி 47 நிமிடம். 2024 ஏப்ரல் 2-ஆம் தேதி மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்தேன். மறுநாள் சாயங்காலம் முடியும், அதற்கடுத்த நாளிலிருந்து தைவானில் முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் திருநாள் விடுமுறை, கச்சிதம். 3-ஆம் தேதி காலை 7.58-க்குத் தைவானின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹுவாலியெனில் 7.2 அளவு நிலநடுக்கம். சின்ச்சுவில் என் கட்டில் நகர்ந்தது. ஆய்வகக் கட்டடத்துக்குள் விட்டபோது அளக்கும் ஊசி அலுமினியப் பொட்டிலிருந்து வழுக்கி, ஆக்சைடின்மேல் ஒரு நீளக் கீறல் போட்டிருந்தது. 19 மணி நேரத் தரவோடு கோடு நின்றிருந்தது. ஹுவாலியென் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் அதற்காக வருத்தப்படக்கூட மனம் வரவில்லை.

விடுமுறை முழுக்க ஆய்வகத்தில் உட்கார்ந்து மறுபடி அளந்தேன். கடைசிப் புள்ளி பழைய நேர்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே விழுந்தது. '10 வருடம்' என்பதை எடுத்துவிட்டு, அளந்ததை மட்டும் எழுதினோம். கட்டுரை ஏற்கப்பட்டது.

அந்த விடுமுறையில் அதே சில்லின் இன்னொரு பொட்டில் எலக்ட்ரான் ஏற்றி, அளந்து, ஈரம் புகாத பெட்டியில் வைத்திருந்தேன். சூடு இல்லை, மின்சாரம் இல்லை. 2025 அக்டோபரில் ஆய்வேட்டுக்குப் படங்கள் எடுக்கும்போது ஞாபகம் வந்து வெளியே எடுத்தேன். ஊசியை வைக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது. 2.1 வோல்ட் நகர்த்தி வைத்திருந்த கோடு 1.8-இல் நின்றிருந்தது. ஒன்றரை வருடம், ஒருவரும் தொடாமல். எண்ணைக் குறித்து, தேதி போட்டு, பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டேன். 10 வருடக் கணக்கு முடிய இன்னும் எட்டரை வருடம் இருக்கிறது.