பைத்தான் லூப் புரியாத பிளஸ் டூ தம்பி தங்கைகளுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸில் 97. அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். சூடு ஆறுவதற்குள் அடுத்த வருடம் எழுதப் போகிறவர்களுக்கு இதை எழுதி வைக்கிறேன். பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதுதான் லூப்.

கேள்வித்தாள் எப்படி வரும் என்பது உங்களுக்கே தெரியும். தியரி 70-இல் எங்கே மார்க் போகும் என்று கேட்டால், நிரலைத் தந்து அதன் அவுட்புட் கேட்கும் இடத்தில் என்றுதான் சொல்வேன். டேட்டாபேஸ் பாடங்களை உருப்போட்டுக்கூடச் சமாளிக்கலாம். லூப் வரும் ஆறாவது பாடத்தில் அது நடக்காது. நான் போன டியூஷனில் நிரலையும் விடையையும் சேர்த்தே மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். லூப் எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் ரேஞ்சில் ஓர் எண்ணை மாற்றிக் கேட்டால் அத்தனையும் வீண். புரியவைக்க வேண்டியதை ஒப்பிக்க வைத்தார்களே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எனக்கு லூப் புரிந்தது எங்கள் தெருவுக்கு வரும் தண்ணி லாரியால்தான். தண்டையார்பேட்டையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லாரி வருவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். அந்த வரிசைதான் லிஸ்ட். முதல் குடத்தின் எண் 0; இதை மட்டும் பைத்தானுக்காக மாற்றிக்கொள்ளுங்கள். ஓஸ் குடம் குடமாக நகர்வது ஃபார் லூப். ஓட்டைக் குடத்தை விட்டு அடுத்ததற்குப் போனால் கன்டினியூ. பாதியில் லாரி காலியானால் பிரேக். கடைசிக் குடமும் ஆன பிறகு "அவ்ளோதான், வண்டிய எடு" என்று ஒரு குரல் வருமே, அது லூப்புக்குக் கீழே வரும் எல்ஸ். பாதியில் தண்ணி தீர்ந்த நாளில் அந்தக் குரல் கேட்காது. அதாவது பிரேக்கில் வெளியே வந்தால் எல்ஸ் ஓடாது. கன்டினியூ வந்தால் எல்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மார்க்கில் இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள்.

ஆனால் குடத்தை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 'பி = ஏ' என்று எழுதினால் ஏ-யில் இருப்பது பி-க்கு ஊற்றப்படுவதில்லை; ஏ காலியாவதும் இல்லை. ஏ ஒரு லிஸ்ட் என்றால், ஒரே குடத்தின் மேல் இரண்டு பேர் பெயர் எழுதியது மாதிரி. பி-யின் கடைசியில் ஒன்றைச் சேர்த்தால், அதாவது அப்பெண்ட் பண்ணினால், ஏ-யிலும் தெரியும். உவமை எங்கே உதவாது என்று தெரியாமல் அதையே நம்பினால், புரிந்த மாதிரி இருக்கும், விடை தப்பாக வரும்.

அதனால் கடைசியில், ஒவ்வொரு சுற்றிலும் எதன் மதிப்பு என்ன ஆகிறது என்று பேப்பரில் கட்டம் போட்டுத்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால் மற்றது எல்லாம் இதற்குப் பிறகுதான். எஸ்-இல் 0 இருக்கிறது. ஐ, ரேஞ்ச்(1, 10, 3)-இல் ஓடுகிறது; அதாவது 1-இல் தொடங்கி, 10-க்கு முன்பு வரை, மூன்று மூன்றாகக் கூடும். உள்ளே எஸ் = எஸ் + ஐ. கட்டத்தில் ஐ-க்குக் கீழே 1, 4, 7. எஸ்-க்குக் கீழே 1, 5, 12. பத்து வராது, அதற்கு முன்பே நின்றுவிடும். அந்த 10-ஐ 11 ஆக்கினால் பத்தும் உள்ளே வந்து எஸ் 22 ஆகும். மனதுக்குள் போட்டால் இந்த இடத்தில்தான் சறுக்கும்.

மற்றவை சுருக்கமாக:

- 24-ஆவது, 33-ஆவது கேள்விகள் இரண்டும் கட்டாயம். அங்கே அவுட்புட் வந்து நின்றால் சாய்ஸில் விட முடியாது.
- கேள்வித்தாளைப் படிக்கத் தரும் 10 நிமிடத்தில் முதலில் நிரல் உள்ள கேள்விகளைப் பாருங்கள்.
- வைல் லூப்பில் ஐ-யைக் கூட்டும் வரி இருக்கிறதா? இல்லையென்றால் அது முடியவே முடியாது.
- கூட்டமாக உட்கார்ந்து படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்ததில்தான் அதிகம் தெளிந்தது.
- கட்டம் போடுவதற்கு முன்னால் பிரிண்ட் வரி லூப்புக்கு உள்ளே தள்ளி இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன நிரலில் பிரிண்ட்(எஸ்) உள்ளே இருந்தால் 1, 5, 12 என்று மூன்று வரி எழுத வேண்டும். வெளியே இருந்தால் 12 மட்டும்.