திம்பம் ஏற்றத்தில் நின்ற வேனும் டீசல் கணக்கு நோட்டும்

மலையடிவாரத்துப் பண்ணாரியில் இறங்கி அம்மனைக் கும்பிட்டு, பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணை ஸ்டியரிங்கில் ஒரு தொடு தொட்டுவிட்டுத்தான் எப்போதும் மலை ஏறுவேன். அன்றைக்கும் அப்படித்தான் ஏறினேன். ஒன்பதாவது வளைவு தாண்டியதும் வேனின் இழுவை குறைந்தது. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தும் இரண்டாவது கியரில் திணறியது. பின்னால் வெள்ளைப் புகை ஒரு கொத்து வந்தது. இரண்டு குலுக்கு குலுக்கி நின்றேவிட்டது.

திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அதில் லோடு வண்டி நின்றால் முதல் கவலை எஞ்சின் இல்லை, பிரேக். எஞ்சின் ஓடினால்தான் பிரேக் மிதியை இலேசாக்கும் வேக்குவம், அதாவது உறிஞ்சு விசை, கிடைக்கும். அது நின்ற பிறகு இரண்டு மூன்று மிதி வரைக்கும் தாங்கும், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். கிளீனர் பையன் நான் சொல்வதற்கு முன்பே குதித்துப் பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டான். மேலே போகிற லாரிக்காரர்கள் ஆரன் அடித்துத் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள்.

எங்களுக்குச் சத்தியமங்கலத்தில் சின்ன பேக்கரி. வாரத்தில் இரண்டு நாள் ஆசனூர், தாளவாடிக் கடைகளுக்குப் பன், ரொட்டி, ரஸ்க் ஏற்றிப் போவேன். வண்டி 2004 மாடல் டீசல் டெலிவரி வேன். டீசலை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவது பழைய காலத்து மெக்கானிக்கல் பம்ப், டர்போ கிடையாது, நிறுத்துவதற்குக்கூட ஒரு கேபிளை இழுக்க வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். அதனால் ஒயரிங், ரிலே, சென்சார் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்கேனர் மாட்டிப் பார்ப்பதற்கும் எதுவும் இல்லை. கண்ணும் காதும்தான்.

டீசல் பில்டருக்கு மேலே இருக்கும் ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தேன். சோடாவைத் திறந்தது மாதிரி நுரை நுரையாக வந்தது. முப்பது, நாற்பது அடி அடித்த பிறகுதான் நுரை நின்று சுத்தமான டீசல் வந்தது. ஸ்குரூவை முடுக்கி செல்ப் அடித்தேன், ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. ஏர் எடுக்கிறது, அதாவது டீசல் லைனுக்குள் காற்று புகுகிறது என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கிருந்து எடுக்கிறது என்று தெரிய மூன்று மாதம் ஆயிற்று.

முதலில் பக்கத்து ஒர்க்ஷாப். பில்டர் அடைத்திருக்கும் என்றார்கள். இரண்டு பில்டரையும் மாற்றினோம், 900 ரூபாய். கீழே தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைத் திறந்தபோது ஒரு ஸ்பூன் தண்ணீர் இருந்தது. "இதாங்க பிரச்சினை" என்று காட்டினார்கள். நானும் நம்பினேன். நல்லபடியாகப் பார்த்துவிடலாம் என்று டேங்க்கை நிரப்பிக்கொண்டு மலை ஏறினோம். இழுவை கம்பீரமாக இருந்தது. அடுத்த வாரமும் நிற்கவில்லை. மூன்றாவது வாரம் பதினோராவது வளைவில் நின்றது.

அடுத்து, டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் பீட் பம்பை மாற்றினோம், 2,200. அதற்கு மறு வாரம் நிற்கவில்லை, அதற்கு அடுத்த வாரம் நின்றது. பிறகு எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி சர்வீஸ் செய்தது 3,400. அந்தச் செலவில் ஒரு நன்மை, வண்டியின் புகை குறைந்தது. நிற்பது குறையவில்லை. எப்போதாவது வருகிற கோளாறு இருக்கிறதே, அது எப்போதும் வருகிற கோளாறைவிட மோசம். எதை மாற்றினாலும் நாலு நாள் நன்றாக ஓடும். மாற்றியவர் சரி செய்துவிட்டதாக நினைப்பார், காசு கொடுத்தவனும் அப்படித்தான் நினைப்பான்.

கடைசியில் டீசல் பம்ப் ரிப்பேர் பார்க்கும் ஒரு கடைக்குப் போனேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்காமல், பம்பைக் கழற்றி முழுசாகச் செய்தால் 18,000 ஆகும் என்றார்கள். அட்வான்ஸ் கொடுக்கப் பாக்கெட்டில் கையை விட்டபோதுதான் எங்கள் அப்பா காலத்து மெக்கானிக் அண்ணன் ஞாபகம் வந்தது. வயதாகிவிட்டது, இப்போது வீட்டு வாசலில் மட்டும் வேலை பார்க்கிறார்.

அவர் முதலில் கேட்டது: "நிக்கறப்ப எப்படி நிக்குது தம்பி? சாவியத் திருப்புன மாதிரி பொட்டுனு நிக்குதா, இல்ல தாகம் எடுத்த மாதிரி திணறித் திணறி நிக்குதா?"

"திணறித்தானுங்க நிக்குது. இறங்கி அடிச்சா நுரையா வருது."

"அப்ப பம்ப்ல கையே வெக்காதீங்க. பம்ப் கெட்டா தினமும் கெட்டுத்தான் கெடக்கும். மேட்டுல மட்டும் கெடாது."

அவர் செய்த முதல் வேலை எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூபில் ஒரு முழம் வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். அதை பீட் பம்புக்குப் போகும் ரப்பர் ஓஸின் இடத்தில் மாட்டினார். நிரந்தரமாக மாட்டுவதற்கு இல்லை, டீசலில் அது விறைத்துப்போகும். ஆனால் அரை நாள் வேடிக்கை பார்க்கப் போதும். வீட்டு வாசலில் ஓடவிட்டோம். டீசல் தெளிவாக ஓடியது, ஒரு குமிழி இல்லை. "வண்டிய வாய்க்கால் கரை ஏத்தத்துல மூக்கு மேல பாக்க நிறுத்துங்க" என்றார். நிறுத்தி எஞ்சினை ஏற்றிப் பிடித்தேன். சில நிமிடத்தில் டியூபுக்குள் குமிழிகள் வரிசையாகப் போக ஆரம்பித்தன. மூன்று மாதமாகக் கண்ணுக்குத் தெரியாமல் ஆட்டம் காட்டியதை முதல்முறையாகப் பார்த்தேன். கோபம்கூட வரவில்லை, ஒரு நிம்மதி.

அப்புறம் கேன் சோதனை. ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, டேங்க்கிலிருந்து வரும் லைனைக் கழற்றிவிட்டுக் கேனிலிருந்தே எஞ்சினுக்குக் கொடுத்தார். எஞ்சின் திருப்பி அனுப்பும் டீசலின் ரிட்டர்ன் ஓஸையும் கேனுக்குள்ளேயே விட்டார். அதை மறந்தால் ரிட்டர்னெல்லாம் டேங்க்கில் போய் விழும், கேன் சீக்கிரமே காலியாகிவிடும். இது டீசலுக்கு மட்டும்தான். பெட்ரோல் வண்டியில் யாரும் இந்த விளையாட்டை விளையாடக் கூடாது. அதே ஏற்றத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டோம். ஒரு குமிழி வரவில்லை. ஆக, எஞ்சின் பக்கம் எல்லாம் சுத்தம். கோளாறு டேங்க்குக்கும் பீட் பம்புக்கும் நடுவில்.

நடுவில் இருக்கும் ஓஸ்களையும் கிளிப்புகளையும் 600 ரூபாய்க்கு மாற்றினோம். அந்தப் பக்கம் லைன் முழுக்க எஞ்சின் உறிஞ்சும் பக்கம் என்பதால் வெடிப்பு இருந்தாலும் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் வெளியே துடைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாற்றிய மூன்றாம் நாள் ஆறாவது வளைவில் நின்றது. அண்ணனுக்கே முகம் சுருங்கிப் போயிற்று.

இதற்கு விடை சொன்னது மெக்கானிக் இல்லை, என் மனைவி. பேக்கரிக் கணக்கை அவள்தான் எழுதுகிறாள். இந்த வண்டிக்கு ஆன செலவைக் கூட்டி, 7,100 என்று எனக்குக் காட்டிக் கோபிப்பதற்காகத்தான் நோட்டை எடுத்தாள். புரட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, "ஏங்க, தீபாவளி வாரம் வண்டி நின்னுச்சா?" என்றாள். நிற்கவில்லை. வருஷத்திலேயே அதிக லோடு அந்த வாரம்தான், கூரை வரைக்கும் தட்டு அடுக்கியிருந்தோம். "அன்னிக்கு டேங்க் ஃபுல்னு எழுதியிருக்கு. நின்ன வாரம் எல்லாம் டீசல் ஆயிரம், டீசல் எண்ணூறுன்னுதான் இருக்கு."

நான் எந்த வளைவில் நின்றது, வெயிலா மழையா, எவ்வளவு லோடு என்றெல்லாம் குறித்து வைத்திருந்தேன். டேங்க்கில் எவ்வளவு இருந்தது என்று குறிக்கவே இல்லை. குறிக்கவும் முடியாது, டீசல் மீட்டர் முள் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குச்சி விட்டுப் பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். பில்டர் மாற்றியபோது ஏன் இரண்டு வாரம் நன்றாக ஓடியது என்பதும் இப்போது புரிந்தது. சோதனைக்காக நானே டேங்க்கை நிரப்பியிருந்தேன்.

நோட்டோடு அண்ணனிடம் போனேன். ஒரு நிமிடம் பார்த்தார், "டேங்க்குக்குள்ள இருக்கற பைப்பு" என்றார். லெவல் டியூபை இந்த முறை டேங்க்கிலிருந்து லைன் வெளியே வரும் இடத்திலேயே மாட்டினோம். அங்கேயே குமிழி வந்தது.

டேங்க் மேல் மூடியைக் கழற்றினால் டீசல் உறிஞ்சும் இரும்புப் பைப்பும் மீட்டரின் மிதவையும் சேர்ந்து வெளியே வரும். பைப் முழுக்கத் துரு, ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அண்ணன் பைப்பின் அடிவாயைக் கட்டைவிரலால் அடைத்து, பஞ்சர் கடையில் டியூப் பார்ப்பது போல ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கி, மேலிருந்து ஊதச் சொன்னார். அடியிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில், ஊசி முனை அளவில் குமிழி வந்தது.

டீசல் அந்த ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை பைப் டீசலைத்தான் உறிஞ்சும். அதற்குக் கீழே இறங்கினால் ஓட்டை வழியாகக் காற்றும் சேர்ந்து போகும். சமதரையில் மெதுவாகப் போகும்போது அந்தக் காற்று ரிட்டர்னில் கழிந்துவிடும். மலையில் வண்டி மூக்கைத் தூக்கினால் டீசல் டேங்க்கின் பின்பக்கம் ஓடிவிடும், எங்கள் வண்டியில் பைப் இருப்பது முன்பக்கம். போதாததற்கு முழு ஆக்சிலேட்டரில் எஞ்சின் கேட்கும் அளவும் அதிகம். அதனால்தான் திம்பத்தில் மட்டும் நின்றது. நின்ற வளைவு ஒவ்வொரு முறையும் மாறியதும் இதனால்தான்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்ததற்கும் இதே ஓட்டைதான் காரணம். ராத்திரி முழுக்க லைனில் இருந்த டீசல் டேங்க்குக்கே இறங்கிவிடும். நான் அதைக் குளிர் என்று நினைத்து, ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சினுக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் ஒரு செட் வாங்கிவைத்திருந்தேன். அது இன்னும் அலமாரியில் பிரிக்காமல் கிடக்கிறது. அந்த பில்லை என் மனைவி இன்னும் பார்க்கவில்லை.

ரேடியேட்டர் கடையில் பழைய பைப்பை வெட்டி எடுத்து, அதே அளவில் புதிதாக ஒன்றைப் பித்தளை ஊற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார்கள், 450 ரூபாய். மிதவையின் அறுந்த ஒயரையும் அங்கேயே ஒட்டிவிட்டார்கள். டேங்க்கைக் கழற்றிக் கழுவினோம். துருச் சேறு ஒரு டம்ளர் அளவு வந்தது.

அதன் பிறகு வேண்டுமென்றே கால் டேங்க் டீசலில், முழு லோடோடு இரண்டு தரம் ஏறினேன். மாலை ஆறு மணிக்குள் திரும்பி இறங்க வேண்டும், அதற்குமேல் சரக்கு வண்டியை விடமாட்டார்கள்; அதனால் காலையிலேயே கிளம்பினோம். 27 வளைவும் நிற்காமல் ஏறியது. மீட்டர் முள்ளும் வேலை செய்தது, வளைவுக்கு வளைவு மேலும் கீழும் ஆடிக்கொண்டு வந்தது. கிளீனர் பையனுக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஐந்தாவது வளைவு வந்தால் கட்டையைக் கையில் எடுத்துக்கொள்கிறான், திம்பம் டீக்கடை கண்ணில் படும்வரை கீழே வைப்பதில்லை.