விட்டமின் டப்பாவுக்குள் இருந்த மாத்திரை

ஜனவரி 11, 2024

மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை மூன்று நாளாக மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது. செர்ட்ராலின், மனச்சோர்வுக்கான மருந்து. முதல் வாரம் 25 மில்லிகிராம், அப்புறம் 50. காலையில் சாப்பிட்டபின் ஒன்று போட வேண்டும், அவ்வளவுதான். இழுப்பறையைத் திறக்கிறேன், பார்க்கிறேன், மூடிவிடுகிறேன்.

அங்கே ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்கள், எத்தனை நாள் தூக்கம் கெட்டது, எத்தனை நாள் உங்களைப் பற்றியே தாழ்வாக நினைத்தீர்கள் என்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. எனக்கு 18 வந்தது. 20ஐத் தொட்டால் கடுமையான நிலை என்று கணக்காம். அந்த எண்ணைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. எட்டு மாதமாக நான் சோம்பேறியாகிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

பிறகு ஏன் போடவில்லை? பக்கவிளைவு பயம் இல்லை. போட்டுவிட்டால், என்னால் முடியவில்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும் என்று ஒரு எண்ணம். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டபோது ஒருநாளும் இப்படித் தோன்றியதில்லை.

ஜனவரி 14

போட்டுவிட்டேன். காலை 8.40.

அட்டையிலிருந்து எல்லா மாத்திரைகளையும் பிரித்து, காலியாக இருந்த விட்டமின் டப்பாவில் போட்டு வைத்தேன். யாரும் பெயரைப் படிக்க வேண்டாம். கணவரிடம் மட்டும் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். தடுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையில் நான் தனியாக நிற்பது போல இருந்தது.

ஜனவரி 20

குமட்டல், வாய் வறட்சி, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு. மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்: இந்த மருந்தில் தொந்தரவு முதலில் வரும், பலன் பின்னால் வரும், இரண்டு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் நான்காம் நாளே நிறுத்தியிருப்பேன். படுத்த படுக்கையாக இருப்பவரிடம் போய் "பொறுத்திரு" என்று கேட்கிற மருந்து இது. எல்லோராலும் முடியுமா என்று தெரியவில்லை.

ஜனவரி 29

அம்மா கண்டுபிடித்துவிட்டார். விட்டமின் மாத்திரை பெரிதாக, மஞ்சளாக இருக்கும், இது சின்னதாக வெள்ளையாக இருக்கிறதே என்று டப்பாவோடு வந்து நின்றார்.

"தூக்க மாத்திரையா?"

"இல்லம்மா. மன அழுத்தத்துக்கு."

"யாருக்குத்தான் மன அழுத்தம் இல்லை? எனக்கு இல்லாத அழுத்தமா? இதெல்லாம் போட ஆரம்பிச்சா அடிமையாயிடுவே. அப்புறம் விடவே முடியாது. மனசைத் தைரியமா வச்சுக்க."

அம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. குற்றம் பாதி அந்தச் சொல்லில் இருக்கிறது. வேலையில் கெடு நெருங்கும்போது வருவதும் மன அழுத்தம், எட்டு மாதம் தலை சீவ மனமில்லாமல் கிடப்பதும் மன அழுத்தம் என்றால், கேட்பவர் என்ன நினைப்பார்? அழுத்தம் என்றால் வெளியே ஏதோ அழுத்துகிறது, அதை நகர்த்திவிட்டால் சரியாகிவிடும். மனச்சோர்வு என்று மருத்துவர்கள் எழுதுகிறார்கள். சோர்வு என்றால் ஓய்வெடுத்தால் போய்விடும். இரண்டு சொல்லுமே மருந்தே தேவைப்படாத ஒன்றைத்தான் காட்டுகின்றன.

வாதாடத் தெம்பில்லை. கடைசியில், "மூளையில ஒரு சத்து குறைவா இருக்காம்மா, அதுக்குத்தான்" என்றேன். அம்மாவின் முகமே மாறிவிட்டது. "அதை முதல்லயே சொல்லக்கூடாதா? இரும்புச்சத்து மாதிரியா?" ஆமாம் என்றேன். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஒரு காரணம் கிடைத்ததும் அனுமதி கிடைத்துவிட்டது. எனக்கும் அந்தக் காரணம் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

பிப்ரவரி 8

அம்மாவிடம் சொன்னது எவ்வளவு சரி என்று பார்க்க உட்கார்ந்தேன். மூன்று இரவு போயிற்று. இவ்வளவு நேரம் படிக்க முடிந்ததே புதிது, அதையும் குறித்துவைக்கிறேன்.

மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பிரிட்டனின் மனநல மருத்துவர் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினர் 2022இல் எழுதியிருக்கிறார்கள். இரும்புச்சத்தைப் போல இரத்தத்தில் அளந்து, இவ்வளவு குறைகிறது என்று சொல்ல முடியாது. படித்ததும் கை சில்லிட்டது. குறைவு இல்லையென்றால் நான் எதற்காக விழுங்குகிறேன்? இழுப்பறைக்கு முன்னால் நின்ற அதே பெண்ணாக மறுபடி ஆகிவிட்டேன்.

அப்புறம் இந்த மருந்துகள் வந்த கதையைப் படித்தேன். 1952 வாக்கில், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். காசநோய்க்காகக் கொடுத்தது மனதைத் தொட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவுக்கு உதவுமா என்று இமிப்ரமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அதற்கு உதவவில்லை. ஆழ்ந்த மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு உதவியது. 1957இல் அதை வெளியிட்டார். மூளை வேதிப்பொருள் குறைவு என்கிற விளக்கமெல்லாம் அதற்குப் பிறகு, 1960களில்தான் பேசப்பட்டது. மருந்து முதலில் வந்தது, காரணம் பின்னால் தேடப்பட்டது.

அதாவது, காரணம் தவறாகப் போனாலும் மருந்து தவறாகிவிடாது. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 522 பரிசோதனைகளையும் 1,16,477 பேரையும் எடுத்துக்கொண்டது. அதில் பார்த்த 21 மனச்சோர்வு மருந்துகளும், மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேலாகவே இருந்தன. வித்தியாசம் சராசரியில் பெரிதில்லை என்பதையும் அதே ஆய்வு மறைக்கவில்லை. சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதே இல்லை. நான் எந்தப் பக்கம் என்று இருந்து பார்த்தால்தான் தெரியும்.

நாளைக்கும் போடுவேன். ஆனால் அம்மாவிடம் சொன்னது உறுத்துகிறது.

பிப்ரவரி 18

கணவரின் சட்டை ஒன்று, பட்டன் அறுந்து, அக்டோபரிலிருந்து நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று அந்தப் பக்கம் போனவள், ஊசியில் நூல் கோத்துத் தைத்துவிட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டேன். செய்தேன் என்பதே மாலையில் அவர் சொல்லித்தான் உறைத்தது.

மகிழ்ச்சி என்று எதுவும் வரவில்லை. ஒரு வேலைக்கும் எனக்கும் நடுவில் இருந்த சுவர் இன்று இல்லை.

மார்ச் 5

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

நெருங்கிய தோழி தன் வீட்டுத் துயரத்தைச் சொல்லி அழுதாள். எனக்குக் கண்ணில் நீர் வரவில்லை. புரிகிறது, வருத்தமும் தெரிகிறது, ஆனால் எல்லாம் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. வீட்டுக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இது நானா, மாத்திரையா? இன்னொன்றும் உண்டு. கணவரோடு இருக்கும் நேரங்களில் உடம்பு ஒத்துழைப்பதில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மருத்துவரிடம் போய் இரண்டையும் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லும்போது மேசையைப் பார்த்துத்தான் பேசினேன். இந்த வகை மருந்துகளில் இரண்டுமே அடிக்கடி வருபவை, நிறையப் பேர் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள் என்றார். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம், கொஞ்ச நாள் பொறுத்தும் பார்க்கலாம். மூன்று வழி இருக்கிறது என்று தெரிந்ததே போதுமாக இருந்தது. பொறுத்துப் பார்க்கிறேன் என்றேன். இன்று கணவரிடமும் சொல்லிவிட்டேன். "என்மேல கோபம்னு நினைச்சேன்" என்றார். இத்தனை வாரமாக அப்படி நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் பேசாமல் இருந்திருக்கிறார்.

மார்ச் 27

வெளியூர் போனபோது டப்பாவை மறந்துவிட்டேன். மூன்று நாள் மாத்திரை இல்லை. இரண்டாம் நாளே தலை சுற்றியது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் சுள்ளென்று அடிப்பது போல இருந்தது. எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். திரும்பி வந்து போட்டதும் ஒரு நாளில் அடங்கியது.

"பார்த்தியா, அடிமையாயிட்டே" என்றார் அம்மா.

இல்லை என்று சட்டென்று சொல்ல வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். அடிமை என்றால் அதற்காக மனம் ஏங்கும், இன்னும் இன்னும் என்று கேட்கும். எனக்கு அப்படி எதுவும் இல்லை, மறந்தே போனேன் அல்லவா? ஆனால் உடம்பு பழகிவிட்டது, திடீரென்று நிறுத்தினால் முறைக்கிறது என்பது உண்மை. இந்தத் தொந்தரவு லேசானது, ஓரிரு வாரத்தில் போய்விடும் என்று மருத்துவ உலகமே நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தது. சிலருக்கு அது கடுமையாகவும் நீண்ட காலமும் இருக்கலாம் என்று பிரிட்டனின் மனநல மருத்துவர் கழகம் 2019இல்தான் தன் நிலையைத் திருத்திக்கொண்டது. விடும்போது மெல்ல மெல்லக் குறைத்து, மருத்துவர் பார்வையில்தான் விட வேண்டும்.

அம்மா சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை ஒப்புக்கொள்ளாமல் மீதிப் பாதியைப் பற்றி அவரிடம் பேச முடியாது.

மே 12

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சத்துக் குறைவு என்று நான் சொன்னது சரியில்லை, அது அப்படி நிரூபிக்கப்படவில்லை, ஏன் வருகிறது என்று மருத்துவர்களுக்கே முழுதாகத் தெரியாது என்று.

"காரணமே தெரியாம மருந்து போடறியா?"

"போட்டா எழுந்திருக்க முடியுதும்மா."

நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனா போன வருஷம் நீ கிடந்த கிடையும் பார்த்தேன், இப்ப இருக்கறதையும் பார்க்கறேன். நடக்கவும் போ, அதையும் விடாதே" என்றார். நடப்பதைப் பற்றி யார் சொன்னாலும் எரிச்சல் வந்த காலம் ஒன்று இருந்தது, கட்டிலை விட்டு இறங்க முடியாதவளிடம் நடக்கச் சொன்னதால். இப்போது நடக்கிறேன், உதவுகிறது. மருந்து கட்டிலிலிருந்து இறக்கிவிட்டதால் நடக்க முடிகிறது.

ஜூலை 4

எத்தனை நாள் போட வேண்டும் என்று கேட்டேன். நன்றாகத் தேறியபின் குறைந்தது ஆறு மாதம் என்றார் மருத்துவர். நீண்ட நாள் எடுத்து, நலமாகி, விடலாமா என்று யோசித்தவர்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2021இல் வந்தது. ஓராண்டுக்குள் நோய் திரும்பியது தொடர்ந்தவர்களில் 39 சதவீதம், நிறுத்தியவர்களில் 56 சதவீதம். தொடர்வது நல்லது என்று அதைப் படிக்கலாம். நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 44 பேர் நன்றாகவே இருந்தார்கள் என்றும் படிக்கலாம். ஜனவரியில் என்றால் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பேன். இப்போதைக்குத் தொடர்கிறேன்.

தோழி முன்னால் வராத கண்ணீர் போன வாரம் வந்தது, வேறொன்றுக்கு.

ஜூலை 18

நேற்று இரவு சித்தி மகன் கூப்பிட்டான். அவனுக்கு 20 வயது. அவனுக்கும் மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். "வேற டப்பாவுல போட்டு வச்சிருக்கேன் அக்கா. அம்மாவுக்குத் தெரியாது" என்றான்.

என் டப்பா நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. நான் ஒளித்ததும் அவன் ஒளிப்பதும் ஒன்றல்ல. இளம் வயதில் இந்த மருந்து தொடங்கும்போது தற்கொலை எண்ணங்கள் அதிகமாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறுவர்களுக்கு எச்சரிக்கை போடச் சொன்னது, 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. மருந்தே கூடாது என்று அதற்குப் பொருளில்லை. முதல் வாரங்களில் கூட இருப்பவர் கவனிக்க வேண்டும், இருப்புக்கொள்ளாமல் தவித்தாலோ பேச்சு மாறினாலோ உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதுதான். வீட்டில் ஒருவருக்கும் தெரியாதென்றால் யார் கவனிப்பார்கள்?

இதை அப்படியே அவனிடம் சொன்னேன். மருத்துவர் இதைச் சொன்னாரா என்று கேட்டேன். சொன்னாராம், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைக்கவும் சொன்னாராம். சித்தியிடம் நான் பேசட்டுமா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நீ மட்டும் வராதே அக்கா. பெரியம்மாவையும் கூட்டிட்டு வா. அவங்க சொன்னா அம்மா கேட்பாங்க."

அதுவரைக்கும் தினமும் இரவு அவனைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். காலையில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மாத்திரையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். "உன்னோடது இல்லையா?" இல்லை, வேறு என்றேன். "நான் என்ன சொல்லணும்னு நீ எனக்கு முதல்லருந்து இன்னொரு தரம் சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.