இங்கே யாருடைய பதற்றம்?

மலேசியாவின் பெருநிலத்தையும் பினாங்குத் தீவையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். அதில் கடலுக்கு மேலே போவது 8.4. பெருநிலப் பக்கம் இருக்கும் பிறையில் பிறந்து வளர்ந்த எனக்குச் சென்ற ஆண்டு வரைக்கும் இந்தக் கணக்கு தேவைப்பட்டதில்லை. பள்ளி ஆலோசகர் பயிற்சி தொடங்கிய மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாலத்தின் உயரமான பகுதிக்குக் கொஞ்சம் முன்னால், என் மைவி காருக்குள் எனக்கு மூச்சு முட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. நிறுத்த இடமில்லை, திரும்ப வழியில்லை. செத்துவிடப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

எப்படியோ தீவுப் பக்கம் இறங்கி, ஓரமாக நிறுத்தி, அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர்தான் வந்து அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார். இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. மருத்துவர் என்னைவிடச் சின்னவர். "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். பள்ளி ஆலோசகர் ஆவதற்கு முதுகலை படிக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "டீச்சரா இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

அதுவும் உண்மைதான். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தினேன். நம் தமிழ்ப்பள்ளிகள் பலவும் சிறியவை. முழுநேர ஆலோசகர் இருக்க மாட்டார். பிள்ளை அழுதால் வகுப்பாசிரியர்தான் ஆலோசகர், கட்டொழுங்கு ஆசிரியர், சில நேரம் அம்மா, எல்லாம். இடைநிலைப்பள்ளிகளில் 500 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகர் என்பது கணக்கு. அந்த ஐந்நூறு பேரில் நம் பிள்ளைகள் ஒரு மூலையில் இருப்பார்கள். தமிழில் பேசக்கூடிய ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெற்ற பிறகுதான் ஒருவர் தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் இன்னும் மாணவிதான்.

அடுத்த வாரம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். பதிவுக்கு ஒரு வெள்ளி. தாதி ஒரு தாளை நீட்டினார்: டாஸ்-21. மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றுக்கும் தலா ஏழு கேள்விகள். மலாயில் இருக்கும் அந்தத் தாளை நான் வகுப்பில் பிறருக்குக் கொடுத்துப் பழகியிருக்கிறேன். எந்தக் கேள்வி எந்தப் பிரிவுக்கு என்பது மனப்பாடம். அதனால் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குறைத்து எழுதிவிடலாம், யாருக்கும் தெரியாது. அப்புறம் உள்ளதை எழுதினேன். பதற்றத்துக்கு 9 வந்தது. இரண்டால் பெருக்கினால் 18. 15 முதல் 19 வரை 'கடுமை' என்ற கட்டம். இது நோய் என்று முடிவு சொல்லும் தாள் இல்லை, வடிகட்டிப் பார்க்கும் தாள்தான். அதைப் பிறருக்கு எத்தனையோ முறை சொன்ன எனக்கு, அன்று அந்தத் தாள் தீர்ப்பு மாதிரிதான் தெரிந்தது.

அங்கிருந்து ஒரு மனோவியல் நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் வரைந்தார். நெஞ்சு வேகமாக அடிக்கிறது. "இதயம் நின்றுவிடும்" என்று மனம் அதற்குப் பொருள் சொல்கிறது. பயம் கூடுகிறது. பயம் கூடினால் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் எழுதிய விளக்கம் இது. தேர்வில் நான் எழுதியதும்தான். ஆனால் அந்த நிபுணர் வட்டத்துக்கு வெளியே இன்னொரு அம்புக்குறி போட்டு, "இதுக்கு நடுவுல நீங்க தப்பிக்க என்னென்ன செய்றீங்க?" என்று கேட்டார்.

யோசித்தேன். கையில் எப்போதும் தண்ணீர்ப் போத்தல். பையில் கோடாலித் தைலம். பாலம் ஏறும்போது அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டே போவது. அதன் பிறகு காரையே விட்டுவிட்டு, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறிப் போவது. ஃபெர்ரி எனக்குப் பிடிக்கும், காற்று நன்றாக இருக்கும். ஆனால் காற்றுக்காக நான் அதில் ஏறவில்லை. ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும், "தப்பித்ததால்தான் பிழைத்தாய்" என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. பாலம் உண்மையில் ஒன்றும் செய்யாது என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

அம்மாவுக்கு இந்த வட்டம் எதுவும் தேவைப்படவில்லை. "கண்ணு பட்டிருக்கும்மா, படிச்சு மேல வர்ற பிள்ள" என்று சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். அவர் கை என் தலையைத் தடவியபோது அழுகை வந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அதைத் தவறு என்று எந்தப் பாடநூல் சொன்னாலும் ஏற்க மாட்டேன். பாலத்துக்கு மட்டும் வேறு வேலை செய்ய வேண்டியிருந்தது.

அந்த வேலை விசித்திரமாக இருந்தது. பயப்படும் உணர்வை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடுவது. சுழல் நாற்காலியில் சுற்றுவது. இதயம் நன்றாக இருக்கிறது என்று பரிசோதித்த பிறகுதான், அவர் பார்வையில்தான் இதைச் செய்தோம். வீட்டில் செய்ய ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். நான் தண்ணீர்மலை என்றேன்.

பினாங்குக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: வாட்டர்ஃபால் ரோட்டில் முருகன் கோயில், 513 படிகள். சின்ன வயதில் தைப்பூசத்துக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிய படிகள். இப்போது சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தனியாக. தண்ணீர்ப் போத்தல் காரில், தைலம் காரில், போன் சைலண்டில். நூறு படிக்கு ஒருமுறை நின்று, பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் சனிக்கிழமை இருநூறாவது படியில் 85. பாலத்தில் வந்த அதே அடிப்பு, அதே மூச்சு. பக்கத்தில் ஒரு பாட்டி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "மெதுவா ஏறும்மா" என்று சொல்லிக் கடந்து போனார். அவருக்கும் நெஞ்சு அப்படித்தான் அடித்திருக்கும். அவர் அதை மரணம் என்று நினைக்கவில்லை, படி என்று நினைத்தார். ஏழாவது சனிக்கிழமை அதே படியில் 30. நெஞ்சு அடிப்பது குறையவில்லை. பயம்தான் குறைந்தது.

நடுவில் சின்னச் சின்ன மாற்றங்கள். ஒரு நாளைக்கு நான்கு கோப்பி ஒன்றாகியது. ஆய்வறிக்கைக் கவலைகளுக்கு மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி ஒரு நோட்டில் எழுதுகிறேன். மற்ற நேரத்தில் வந்தால், "ஆறரைக்கு வா" என்று தள்ளிவைக்கிறேன். இது பாதி நாள் வேலை செய்கிறது, பாதி நாள் இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது பாலத்தைப் பற்றி அல்ல.

பயிற்சியில் மாணவர்களுடன் நடக்கும் ஒவ்வொரு ஆலோசனைச் சந்திப்பையும், பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால், ஒலிப்பதிவு செய்கிறோம். பிறகு சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்து விரிவுரையாளரிடம் கொடுக்க வேண்டும். தமிழில் நடந்ததை மலாயிலும் தர வேண்டும். அது தனிப் பாடு. "மனசு கனமா இருக்கு" என்பதை அப்படியே 'பெராட் ஹாத்தி' என்று எழுதினால், மலாயில் 'மனமில்லை, தயக்கம்' என்று அர்த்தம் மாறிவிடும். தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேருடைய கனம் இப்படி எங்கெங்கோ தயக்கமாகப் பதிவாகியிருக்கிறதோ என்று நினைத்து எனக்கு உண்மையிலேயே வருத்தம் வந்தது.

என் மூன்றாவது ஒலிப்பதிவு 38 நிமிடம். இரவு பதினொரு மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்யும்போது, பக்கம் முழுக்க என் பேச்சாகவே இருந்தது. கேள்வி கேட்கிறேன். பிள்ளை மூச்சை இழுக்கிறது. உடனே நானே பதிலும் சொல்கிறேன். "கவலையா இருக்கா? வீட்டுல ஏதாவதா? இல்ல ஸ்கூல்லயா? பரவாயில்ல, எல்லாருக்கும் இருக்கும்." அந்த ஒலிப்பதிவில் இருந்த மிக நீளமான மௌனம் மூன்று விநாடி. விரிவுரையாளர் அந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தார்: "இங்கே யாருடைய பதற்றம்?"

அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் அந்தக் குரலை எனக்கு முன்பே தெரியும்.

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது என் மலாய் போதவில்லை என்று ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்தேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் நடுங்கும், பின்னால் சிரிப்பார்கள். திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி. அம்மா வீட்டிலேயே இருக்கச் சொல்வார். பத்து மணிக்கு வலி போய்விடும், அடுத்த திங்கள் இன்னும் கூடுதலாக வரும். ஒருநாள் ஆலோசக ஆசிரியர் கூப்பிட்டார். அவர் நல்லவர், அன்பாகத்தான் பேசினார். "ஏன் வரல, உடம்பு சரியில்லையா, சரி, நல்லாச் சாப்பிடு, தைரியமா இரு." கேள்வியும் அவர், பதிலும் அவர். பத்து நிமிடம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். தொண்டை வரை வந்திருந்த ஒரு வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டேன். அதை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அவருக்கும் அப்போது நெஞ்சு அடித்துக்கொண்டிருந்ததோ என்னவோ. வெளியே வரிசையில் எத்தனை பேர் காத்திருந்தார்களோ. இருபது வருடம் கழித்து அவர் குரலில் நான் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சும் எனக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல்தான். மௌனம் வந்தால் என்னால் தாங்க முடியவில்லை, அதனால் தப்பித்தேன். தப்பிக்கும்போது பிள்ளையின் வழியை அடைத்துவிட்டேன்.

படிப்பையே விட்டுவிடலாம் என்று அந்த வாரம் நினைத்தேன். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், ஆலோசனை பலன் தருவதற்கு என்று 1957-இல் எழுதிய நிபந்தனைகளில், உதவி தேடி வருபவர் பதற்றத்தில் இருப்பார், உதவுபவர் உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பார் என்று வருகிறது. அப்படியானால் நான் உட்கார வேண்டியது எதிர் நாற்காலி என்றுதான் தோன்றியது. விரிவுரையாளர் அடுத்த பத்தியையும் வாசிக்கச் சொன்னார். வாழ்க்கை முழுவதிலும் அப்படி முழுமையாக இருக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை, இந்த ஒரு மணி நேரம் இந்த உறவில் உண்மையாக இருந்தால் போதும் என்று ரோஜர்ஸ் அங்கேயே சொல்லியிருக்கிறார். மூன்று தேர்வுகளுக்கு அதைப் படித்திருக்கிறேன். அந்தப் பத்தி கண்ணில் பட்டதே இல்லை.

அதன் பிறகு மௌனத்தையும் படி மாதிரியே எண்ணத் தொடங்கினேன். செருப்புக்குள் இரண்டு குதிகாலையும் தரையில் அழுத்திக்கொள்வேன். பிள்ளை நிறுத்தினால், என் மூச்சு மூன்று முறை உள்ளே போய் வெளியே வரும் வரை வாய் திறக்கக் கூடாது. முதல் வாரம் இரண்டு மூச்சுதான் முடிந்தது. நெஞ்சு அடிக்கும், அடிக்கட்டும். ஒன்று சொல்ல வேண்டும்: எல்லா மௌனத்தையும் இப்படி விடக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் வந்தால் நேராகக் கேட்க வேண்டும், ரகசியக் காப்புக்கும் அங்கே எல்லை உண்டு. அதை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். அறைச் சுவரில் 15555 என்ற சுகாதார அமைச்சின் உதவி எண் பெரிதாக ஒட்டியிருக்கிறது. எனக்கும் அது தேவைப்படலாம் என்பதால் என் போனிலும் இருக்கிறது.

பாலத்தில் இப்போது நானே ஓட்டுகிறேன். நேற்று மழை, லாரிகள், 40 மதிப்பெண்.

போன மாதம் கொடுத்த தட்டச்சுப் பிரதியில் ஓர் இடத்தில், '(மௌனம், 51 விநாடி)' என்று எழுதியிருந்தேன். ஒலிப்பதிவில் அந்த 51 விநாடியும் காத்தாடிச் சத்தம், தூரத்தில் கேன்டீனில் தட்டு கழுவும் சத்தம், அவ்வளவுதான். என் மூச்சுகூடக் கேட்கிறது. அது எந்தப் பிள்ளை, என்ன வயது, எந்தப் படிவம் என்று சொல்ல மாட்டேன். 52-ஆவது விநாடியில் அந்தப் பிள்ளை பேசத் தொடங்கியது. பேசியது அந்தப் பிள்ளையுடையது.